பூசலார் கட்டிய கோயிலும் அனுக் அருட்பிரகாசத்தின் இரண்டு நாவல்களும்

கொரட்டூரில் திருவள்ளூர் லோக்கல் ஏறினால், ஆவடி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் திருநின்றவூர். தினமும் போர்டுல பார்க்கிற பேர்தான். பெரியபுராணத்தில் வரும் பூசலார் அந்த ஊர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. அதனால மனசுக்குள்ளேயே கல் கல்லாகக் கட்டினார். அதே சமயம் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தான். சிவன் அவன் கனவில் வந்து, அன்னிக்கு நான் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகணும், நீ வேற நாள் வெச்சுக்கோன்னு சொன்னாராம்.

இந்தக் கதை 2021 புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த ஓர் ஆங்கில நாவலுக்குள்ள இருக்கு. நாவல் 'எ பேசேஜ் நார்த்'. எழுதியவர் அனுக் அருட்பிரகாசம். 1988-ல் கொழும்பில் பிறந்த தமிழர், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இதுவரை அவர் பேரை நிலைநிறுத்தியது இரண்டே நாவல்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது 2009 மே மாதம் முடிந்த ஈழப்போர்.

முதல் நாவல் 'தி ஸ்டோரி ஆஃப் எ ப்ரீஃப் மேரேஜ்' 2016-ல் வந்தது. அடுத்த வருஷமே தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசு வாங்கியது. கதை நடப்பது ஒரு பகலும் ஓர் இரவும் மட்டும். குண்டு விழுந்துகொண்டே இருக்கிற அகதி முகாமில் தினேஷ் என்ற இளைஞனிடம் ஒரு பெரியவர் வந்து, என் மகள் கங்காவைக் கட்டிக்கிறியான்னு கேட்கிறார். இவ்வளவுதான் கதை. ஆனா தினேஷ் குளிப்பது, நகம் வெட்டுவது, தூங்க முயற்சி பண்ணுவது எல்லாம் பக்கம் பக்கமாக வருது. செய்தியில் 'இத்தனை பேர் பலி' என்று எண்ணாகக் கடந்துபோகும் ஒருத்தனுக்கு உடம்பு இருக்கு, பசி இருக்கு, வெட்கம் இருக்கு என்று அந்த நிதானம் நமக்குக் காட்டுது.

இங்கே ஒரு கேள்வி வரும். வன்னி முகாமில் இல்லாத ஒருத்தர் அந்த முகாமுக்குள் இருந்தவன் மனசை எழுதலாமா?

இரண்டாவது நாவல் இந்தக் கேள்வியையே கையில் எடுக்குது. நாயகன் கிரிஷன் போர் முடியும்போது டெல்லியில் படித்துக்கொண்டிருந்தவன். அழிவை எல்லாம் இணையத்தில் போட்டோவாக, வீடியோவாகப் பார்த்தவன். பார்க்கப் பார்க்கக் குற்ற உணர்ச்சி. படிப்பை விட்டுவிட்டு இலங்கை திரும்புகிறான். அவன் அப்பம்மாவைப் பார்த்துக்கொண்ட ராணி, போரில் இரண்டு மகன்களையும் இழந்தவர். அவர் கிணற்றில் விழுந்து இறந்துட்டார்னு ஒருநாள் போன் வருது. இறுதிச் சடங்குக்காகக் கிரிஷன் கொழும்பிலிருந்து வடக்கே ரயிலில் போகிறான். பாதி நாவல் அவன் யோசனைதான். இறந்துபோன முகம் தெரியாத மனிதர்களுக்காகத் தன் மனசுக்குள் அவன் கட்டிக்கொண்டிருந்ததும் ஒரு கோயில்தான். பூசலார் கதை நாவலுக்குள் வருவது அதனால்தான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எழுத்தாளர் நகர்ந்திருப்பது புரியும். முதல் நாவலில் பாதிக்கப்பட்டவனின் தலைக்குள் நேராகப் போய்விட்டார். இரண்டாவதில் ராணியின் மனசுக்குள் போகவே இல்லை. அவர் தவறி விழுந்தாரா, தானாக விழுந்தாரா என்பது கூட கிரிஷனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. நான் தூரத்தில்தான் இருந்தேன் என்று ஒத்துக்கொண்டு எழுதிய நாவல் இது. என்னைக் கேட்டால், முதல் நாவல் அதிகம் உலுக்கும், இரண்டாவது அதிகம் நேர்மையானது.

குறையும் உண்டு. வாக்கியங்கள் ரொம்ப நீளம், மேற்கோள் குறி போட்ட உரையாடல் கிடையாது. செமஸ்டர் நேரத்தில் ஆரம்பித்தால் பாதியில் நிற்கும். லீவில் எடுங்க, முதலில் 2016 நாவல், அப்புறம் 2021.

அந்தப் போர் முடிந்தபோது நாம எல்லாம் சின்னக் குழந்தைங்க. நமக்கும் அது வீடியோவில் பார்த்த விஷயம்தான். ஸ்க்ரோல் பண்ணிப் போகாமல் ஒரே ஒருத்தரைப் பற்றி நின்று நிதானமா யோசிக்க முடியுமா என்பது கிரிஷனுக்கு மட்டுமான கேள்வி இல்லை. அடுத்த தடவை திருநின்றவூர் பக்கம் போனால் இறங்கி, இருதயாலீஸ்வரர் கோயிலைப் பார்த்துட்டு வாங்க. பூசலாரின் இதயத்தில் இருந்த ஈசனுக்குப் பிற்பாடு கல்லில் எழுந்த கோயில் அது.