பயிரும் பெண்டிர் பணியும்

நாட்டுப்புறப் பெண்களுக்கு வேலை உண்டா என்று வினவுவோர் பலர். எந்தப் பயிரில் வேலை என்று வினவுவோர் சிலரே. பயிர் மாறினால் வேலை நாளும் மாறும்; கூலி கேட்கும் வலிமையும் மாறும். தமிழகத்தை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களே இதற்குச் சான்று.

முதலில் நெல்லைக் காண்போம். பாலக்காட்டு வயல்களில் நாற்றுப் பறித்தலும் நடவும் களையெடுப்பும் நெடுங்காலமாகப் பெண்கள் பணி. ஆயினும் அவை பருவத்திற்குச் சில வாரங்களே. அறுவடை இயந்திரம் வந்தபின் கதிரறுக்கும் வேலை குறைந்தது. நடவுக்கோ, இன்று மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆடவர் குழுக்களும் அமர்த்தப்படுகின்றன.

அடுத்தது ஏலம். தூரடியில் காய்ப்பதால், குனிந்து, முற்றிய காயை மட்டும் தேர்ந்து பறித்தல் வேண்டும். தேனி மாவட்டத்துப் பெண்கள் பலர் அதிகாலையில் ஜீப்பேறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலைக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். தோட்டந்தோறும் சிதறிச் செல்வோர் ஒன்றுகூடிக் கூலி பேசுவது எங்ஙனம்?

தேயிலையின் நிலை வேறு. அது ஆண்டு முழுதும் துளிர்ப்பது. கொழுந்து பறிப்போர் லயங்களில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 2015 செப்டம்பரில் மூணாற்றில் போனசு குறைக்கப்பட்டபோது, நாட்கூலி 232 ரூபாய் பெற்ற பெண்கள், பெரும்பாலும் தமிழர், ஆடவர் தலைமையிலான சங்கங்களை ஒதுக்கிவிட்டுத் தெருவில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர்பெற்ற அப்போராட்டம் ஒன்பது நாள் நடந்தது. முடிவில் போனசு 8.33 விழுக்காடும் கருணைத்தொகை 11.67 விழுக்காடும் சேர்ந்து, கேட்ட 20 விழுக்காடு கிடைத்தது. ஆனால் 500 ரூபாய் கேட்ட நாட்கூலி, அடுத்த மாதம் 301 ரூபாயோடு நின்றது. அதற்கும் நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாயிற்று. கூலி ஏறியபோது சுமையும் ஏறியது!

துணிவு மூன்று பயிரிலும் உண்டு. ஓரிடத்து வாழ்வும் ஓயாத வேலையும் வாய்த்த இடத்தில்தான் அது குரலாயிற்று. நெல் வயலிலோ 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீ வேறொரு வழி காட்டுகிறது. பெண்கள் குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தாமே பயிரிடுகின்றனர்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். ஆண்டில் எத்தனை நாள் வேலை? கூலியை முடிவு செய்பவர் யார்? நிலம் யார் பெயரில்? இம்மூன்றுக்கும் விடை காணாமல் 'பெண்களுக்கு வேலை உண்டு' என்று எழுதுவது கணக்காகலாம், ஆராய்ச்சி ஆகாது.