எடை பார்ப்பதற்கு முன்

அன்புள்ள தம்பி,

சொந்த ஊரிலேயே குழந்தைகள் கிளினிக் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்தது. காய்ச்சலும் வாந்திபேதியும் உனக்குக் கைவந்தவை. எடை கூடிப்போன பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே எடை பார்த்தேன். எண்ணை உரக்கச் சொல்லி, "வாயைக் கட்டணும்மா" என்று அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து இன்னும் எடை கூடி வந்தாள். வெட்கத்தில் காலைச் சாப்பாட்டை விட்டிருந்தாள். சாயங்காலம் பசி தாங்காமல் பேக்கரி பப்ஸில் விழுந்திருந்தாள். அந்தத் தவறு என்னுடையது. இன்றுவரை வலிக்கிறது.

தட்டில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால், ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேள். விடிவதற்குள் டியூஷன். பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும். மாலையில் மறுபடி டியூஷன், வழியில் ஒரு பாட்டில் கோலா. 300 மில்லியில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. இரவு பத்து மணிக்குப் பரோட்டா, அப்புறம் செல்போன். 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டிய வயதில் ஐந்து மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தால் பசியும் இனிப்பு ஆசையும் கூடும் என்பது நீ படித்ததுதான். தினமும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் பிள்ளையின் நாளில் அந்த ஒரு மணி நேரத்தை எங்கே வைப்பாய்?

"எங்க வம்சமே இப்படித்தான் டாக்டர்" என்பார்கள். பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்காதே. ஆனால் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல்பருமன் உள்ளவர்கள் 1990இல் சுமார் 4 லட்சம். 2022இல் சுமார் 1.25 கோடி. முப்பது வருடத்தில் வம்சம் மாறவில்லை. மாறியது தெருவும் பள்ளியும் வீட்டு நேரமும்.

"தைராய்டு டெஸ்ட் எழுதுங்க" என்றால் முதலில் உயரத்தை அளந்து பார். வயதுக்கேற்ற உயரமோ அதற்கு மேலோ இருந்தால் சுரப்பிக் கோளாறு அபூர்வம். வளர்த்தி நின்று எடை மட்டும் ஏறினால் விடாதே. ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட் சாப்பிடுகிறார்களா என்றும் கேள்.

பிள்ளையின் பின்கழுத்தைப் பார்க்க மறக்காதே. கறுத்துத் தடித்திருந்தால் அம்மா அதை அழுக்கு என்று நினைத்துக் கடலைமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். "தேய்க்க வேண்டாம்மா, இது அழுக்கில்லை" என்று பிள்ளை காதில் விழும்படி சொல். எடையைக் கதவைச் சாத்திவிட்டுப் பார்.

அன்புடன்,
உன் அண்ணன்