முற்றத்து எறும்பும் வேலியோரப் பூச்சியும்

மழை விட்ட சில நாட்களில் முற்றத்திலும் பாவடியிலும் எறும்புச் சாரை கிளம்புவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தறிக்குழியில் கால் வைத்து வேலை செய்பவருக்கு அது சிறு தொல்லையன்று. உடனே நம் கை மருந்துத் தூளை நாடுகிறது. தூவிய இடத்தில் ஆயிரம் செத்துக் கிடக்கும். சில நாட்களில் அதே சாரை வேறொரு மூலையிலிருந்து புறப்படும்.

வெளியே இரை தேடித் திரிபவை குடியின் ஒரு பகுதியே. முட்டையிடும் ராணி கல்லுக்கடியிலோ, மண்ணுக்குள்ளோ இருக்கிறது. நாம் கொன்றவற்றின் இடத்தை அது விரைவில் நிரப்பிவிடும். முன்னாளில் நாம் அள்ளி வீசிய பி.எச்.சி. தூளோ 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பரணில் பழைய பொட்டலம் கிடந்தால் அதனை உபயோகிக்கலாகாது.

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில், கரந்தமலையைச் சுற்றிய கிராமங்களில் 2022-ஆம் ஆண்டு நேர்ந்ததை நினைவுகூர்வோம். மஞ்சள் பைத்தியக்கார எறும்பு எனப்படும் இனம் அங்கே பெருகியது. அது கொட்டுவதில்லை; ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சுகிறது. ஆடுமாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டதாகவும், தங்கள் உடலில் தடிப்பு உண்டானதாகவும் அவ்வூரார் கூறினர். இவ்வினத்தில் ஒரு குடிக்கு ராணிகள் பல. அது புற்று எழுப்புவதில்லை; சருகிலும் கல்லிடுக்கிலும் தங்குகிறது. ஆகையால் புற்றைத் தேடிக் கொதிநீர் ஊற்றும் நம் பழைய வழக்கம் இதனிடம் செல்லாது.

இவ்வளவு பெருக்கத்துக்கு இரை எங்கிருந்து வருகிறது? வேலியிலுள்ள செம்பருத்தியையும் கொய்யாவையும் திருப்பிப் பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி, அசுவினி, செதில்பூச்சி ஆகியவை செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கின்றன. எறும்பு அதனை உண்டு, கைம்மாறாக அப்பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது. நாம் மாடு வளர்ப்பது போல் எறும்பு பூச்சி வளர்க்கிறது என்றால் மிகையாகாது. இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் இதே மஞ்சள் எறும்பு கோடிக்கணக்கான செந்நண்டுகளை மாய்த்தது. அங்கே 2016 டிசம்பரில் விடப்பட்டது எறும்பைக் கொல்லும் பிராணியன்று. எறும்புக்கு இனிப்பளிக்கும் செதில்பூச்சியை அழிக்கும் மிகச் சிறிய குளவியே.

எனவே முதல் வேலை கத்தரிக்கோலுக்குரியது. பூச்சி படிந்த கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துக. சுவரைத் தொடும் கிளை எறும்புக்குப் பாலம், அதனையும் விடலாகாது. கஞ்சி சிந்திய பாவடியை அன்றன்றே கழுவுதல் நலம்.

அடுத்தது இரை மருந்து. ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சர்க்கரையும் 10 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து, சிறு துளையிட்ட மூடி டப்பாவுக்குள் இட்டுச் சாரையின் ஓரத்தில் வைக்க வேண்டும். அமிலத்தின் அளவைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே மடியும். ராணிக்கு ஊட்ட உயிரோடு கூட்டுக்குச் சேர வேண்டுமல்லவா? முதல் நாள் கூட்டம் அதிகமாகும்; அஞ்சித் தூள் தூவிவிடக் கூடாது. பஞ்சு காயாமல் சில வாரம் பொறுத்தல் வேண்டும். குழந்தைகளுக்கும் கன்றுகாலிகளுக்கும் எட்டாத இடமே டப்பாவுக்கு இடம். சில இனங்கள் சர்க்கரையை விட்டு எண்ணெயையும் கருவாட்டையும் நாடும். ஆகவே மருந்து கலவாமல் இரண்டையும் சிறிது வைத்துப் பார்த்த பின்னரே தொடங்குக.

ஒரு வீட்டில் மட்டும் செய்தால் பயன் சொற்பம். எறும்புக்கு எல்லைக்கல் தெரியாது. தெருவிலுள்ள அங்கத்தினர் அனைவரும் ஒரே வாரத்தில் டப்பா வைக்க வேண்டும். ராணியும் சில வேலையெறும்புகளும் சேர்ந்து ஒரு விறகுக் கட்டிலோ, நாற்றுத் தொட்டியிலோ ஏறினால் போதும், புதுக் குடி அமையும். ஆதலால் சங்கக் கிடங்குக்கு வரும் நாற்று, எரு, விறகு எதனையும் உதறிப் பார்த்தே இறக்குவோமாக. வயல் முழுதும் பரவிவிட்டால் வேளாண்மை அலுவலரிடம் அறிவிப்பதே முறை.

மாமரத்திலுள்ள முசுறுக்கு மட்டும் இவ்விரையை வைக்கலாகாது. தன் புழுவையே நாடாவாக்கி, அதன் பட்டிழையால் இலைகளை இணைத்துக் கூடு நெய்யும் அவ்வெறும்பு நம் தொழிலினம். பல பூச்சிகளை வேட்டையாடி மாவையும் முந்திரியையும் காக்கிறது.