கட்டைகளால் விண்கலம் செய்வோம்

பிள்ளைகள் பொம்மைக் கட்டைகளை அடுக்கி விளையாடும்போது, "கொஞ்ச நேரம் தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும்" என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கட்டைகளுக்குள் பொறியியலின் முதல் பாடங்கள் பல அடங்கியிருக்கின்றன. கோலார் தங்கவயல் ஸ்கெலட்டன் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். கணக்கு முடிந்தபின் அரை மணி நேரம் கட்டைகள். அவர்கள் செய்ய விரும்புபவை இரண்டே இரண்டுதான்: விண்கலம், ரோபோ. அந்த அரை மணி நேரப் பாடத்தையே இங்கே சுருக்கித் தருகிறேன். வீட்டில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உள்ள அன்பர்கள் அவர்களோடு உட்கார்ந்து செய்து பார்க்கலாம்.

கட்டை பிறந்த கதை

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். நம் சென்னபட்டணத்துக் கைவினைஞர்களைப் போல அவரும் மரத்தை நம்பி வாழ்ந்தவர்தான். அவருடைய நிறுவனமே லெகோ. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது.

1949-இல் அவர்கள் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்தார்கள். அவற்றின் உட்புறம் வெறுமையாக இருந்தது. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும். இக்குறையைத் தீர்த்தது 1958 ஜனவரி 28 அன்று பதிவான காப்புரிமை. கட்டையின் மேலே குமிழ்கள், உள்ளே குழல்கள். கீழ்க்கட்டையின் குமிழ், மேல்கட்டையின் குழலுக்கும் சுவருக்கும் நடுவே இறுகப் பொருந்திக்கொள்ளும். ஆணி வேண்டாம், பசை வேண்டாம். பிரித்து மறுபடியும் சேர்க்கலாம். இந்தப் 'பிரித்து மறுபடியும்' என்பதில்தான் இதன் பெருமையே இருக்கிறது.

1978-இல் விண்வெளி வரிசை வெளிவந்தது. கை கால் அசையும் சிறு மனித பொம்மைகளும் அதே ஆண்டில் வந்தன. அன்று முதல் உலகெங்கும் பிள்ளைகள் கட்டைகளால் விண்கலம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் அளவு

எதையும் கட்டுமுன் அளவு தெரிய வேண்டும். இரண்டு குமிழ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம், குமிழை விட்டுவிட்டு, 9.6 மி.மீ. மெல்லிய தகட்டின் உயரம் 3.2 மி.மீ. ஆகவே மூன்று தகடுகள் சேர்ந்தால் ஒரு கட்டை.

இதில் ஓர் அழகு உண்டு. ஐந்து தகடுகளின் உயரம் 16 மி.மீ. இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மி.மீ. எனவே ஐந்து தகடுகளை அடுக்கி, அந்த அடுக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால், இரண்டு குமிழ் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிடும். விண்கலத்தின் பக்கச் சுவர்களை வழவழப்பாக அமைப்பவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் கட்டைகளைப் படுக்க வைத்துக் கட்டுகிறார்கள். மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது.

இன்னொரு கணக்கையும் சொல்லலாம். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக 24 விதங்களில் பொருத்தலாம். மூன்று கட்டைகள் என்றால் 1,060 விதங்கள். ஆறு கட்டைகள் என்றால் 91,51,03,765 விதங்கள்! கைப்பிடிக்குள் அடங்கும் ஆறு கட்டைகளில் தொண்ணூற்றொரு கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள். "என்னிடம் கட்டை குறைவாக இருக்கிறது" என்று இனி எந்தப் பிள்ளையும் வருந்த வேண்டியதில்லை.

எலும்புக்கூடு முதலில், அழகு பிறகு

பிள்ளைகள் செய்யும் விண்கலம் பெரும்பாலும் பார்க்க நன்றாக இருக்கும். கையில் எடுத்தால் இரண்டாக உடைந்துவிடும். காரணம், இறக்கையும் பீரங்கியும் முதலில் வந்துவிடுகின்றன. உடம்பைத் தாங்கும் சட்டம் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை. எங்கள் பகுதியின் பெயரே ஸ்கெலட்டன். ஆகவே "முதலில் நம்ம ஊரு, பிறகு விண்வெளி" என்று பிள்ளைகளே இப்போது சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சட்டத்துக்கு இரண்டு விதிகள். முதலாவது, கொத்தனார் விதி. செங்கல் சுவரில் ஓர் இணைப்புக்கு நேர் மேலே இன்னோர் இணைப்பு வரக் கூடாது. கட்டைகளிலும் அப்படியே. ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் இணைப்பை மூட வேண்டும்.

இரண்டாவது, முக்கோண விதி. நான்கு சட்டங்களை நான்கு மூலைகளில் முளையிட்டு இணைத்தால் அந்தச் சதுரம் சாய்ந்து ஆடும். மூன்று சட்டங்களை இணைத்தால் ஆடாது. தங்கவயலின் சுரங்க வாய்களில் கப்பித் தூண்களை நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். கூண்டையும் வடத்தையும் தாங்கி நின்ற அந்த இரும்புக் கோபுரங்களில் குறுக்குச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகவே அமைந்திருக்கின்றன. துளையுள்ள சட்டங்களால் பிள்ளைகள் 3, 4, 5 பக்க அளவுகளில் செங்கோண முக்கோணம் செய்யலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: துளைகளை எண்ணக் கூடாது, துளைகளுக்கு இடைப்பட்ட இடைவெளிகளை எண்ண வேண்டும். 3 இடைவெளிக்கு 4 துளைகள், 4 இடைவெளிக்கு 5, 5 இடைவெளிக்கு 6.

சோதனை எளிது. செய்த சட்டத்தை ஒரு முனையில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வளையாமல், கழலாமல் நின்றால் மேலே கட்டலாம். இல்லையென்றால் பிரித்துக் கட்டுங்கள்.

துண்டு துண்டாகக் கட்டுதல்

பெரிய கலத்தை ஒரே மூச்சில் கட்டக் கூடாது. விமானி அறை ஒன்று, சரக்கு அறை ஒன்று, இயந்திரப் பகுதி ஒன்று எனத் தனித்தனியாகக் கட்டி, கடைசியில் இணைக்க வேண்டும். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றலாம். சர்வதேச விண்வெளி நிலையம் இவ்வாறுதான் கட்டப்பட்டது. அதன் முதல் பகுதி 1998 நவம்பரில் ஏவப்பட்டது. மற்றப் பகுதிகள் ஒவ்வொன்றாக மேலே சென்று இணைந்தன.

மேலே போக வேண்டாம், நம் காலடியிலேயே சான்று உண்டு. தங்கவயல் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 1965-இல் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டார்கள். பிறகு 1980-களில், புரோட்டான் சிதைகிறதா என்று அறிய, அதே ஆழத்தில் 140 டன் எடையுள்ள ஒரு கருவியை அமைத்தார்கள். இரும்புத் தகடுகள், அவற்றின் நடுவே அளவி குழாய்கள், மறுபடி தகடுகள் என்று அடுக்கடுக்காக எழுந்த கருவி அது. 140 டன்னை ஒரே பொருளாகச் சுரங்கத்தில் இறக்க முடியுமா? கூண்டு கொள்ளும் அளவுக்குத் துண்டுகளாக இறக்கி, அடியிலேதான் அடுக்க வேண்டும். வானத்திலிருந்து வரும் துகளைப் பிடிக்கப் பூமிக்குள் கட்டை அடுக்கிய ஊர் நம் ஊர்! இதைச் சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரிகின்றன.

அளவுக்கு அளவு விக்ரம்

கற்பனைக் கலத்துக்கு முன் ஓர் உண்மைக் கலத்தைச் செய்து பழகுவது நல்லது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியை ஒட்டி இறங்கிய சந்திரயான்-3-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதும் நமக்கு மகிழ்ச்சி.

விக்ரம் தரையிறங்கி 200 செ.மீ. நீளம், 200 செ.மீ. அகலம், 116.6 செ.மீ. உயரம் கொண்டது. மனித பொம்மையின் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ. அதை 160 செ.மீ. மனிதராகக் கொண்டால் நம் அளவு 40-இல் ஒரு பங்கு. விக்ரமை 40-ஆல் வகுத்தால் 50 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம், 29 மி.மீ. உயரம். ஆறு குமிழ் 48 மி.மீ.; மூன்று கட்டை உயரம் 28.8 மி.மீ. ஆக, ஆறுக்கு ஆறு குமிழ், மூன்று கட்டை உயரம். முடிந்தது உடல்! நான்கு மூலைகளிலும் கால்களை வெளிப்புறம் விரித்து வையுங்கள்; கால்கள் அகன்றால் சரிவில் இறங்கினாலும் கவிழாது.

பிரக்யான் உலாவியின் நீளம் 91.7 செ.மீ., அகலம் 75 செ.மீ., உயரம் 39.7 செ.மீ. அதே கணக்கில் மூன்றுக்கு இரண்டு குமிழ், ஒரு கட்டை உயரம். ஆறு சக்கரங்களை மறந்துவிடாதீர்கள்.

இனிக் கற்பனைக் கலம். காற்றில்லாத வெளியில் மட்டும் செல்லும் கலத்துக்கு இறக்கை தேவையில்லை. இறக்கை வைத்தால், "இது எந்தக் கோளின் காற்றில் பறக்கும்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். பதில் இருந்தால் வைத்துக்கொள்ளட்டும். குழாய், வால்வு, பெட்டி போன்ற நுணுக்கங்களை எல்லா இடத்திலும் தூவாமல், இயந்திரத்தைச் சுற்றி மட்டும் செறிவாக வையுங்கள். 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் மாதிரிக் கலங்களுக்கு, கடையில் விற்கும் டாங்கி, விமானப் பொம்மைத் தொகுப்புகளின் உதிரிகளையே ஒட்டினார்கள். ஆனால் வெறுமையான பரப்பும் பக்கத்தில் இருந்தால்தான் நுணுக்கம் கண்ணுக்குத் தெரியும்.

ஜீனோவை நிற்க வைப்போம்

ரோபோ என்ற சொல் 1920-இல் செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. தமிழர்களுக்கு ரோபோ என்றதும் நினைவுக்கு வருவது 'என் இனிய இயந்திரா' கதையின் நாய்க்குட்டி ஜீனோதான். அதைப் படைத்த சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியில் பங்குகொண்டவர். ஆகவே ஜீனோ கர்நாடகத் தமிழர்களுக்கு ஒருவகையில் உறவுதான்.

நாய் வடிவம் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. நான்கு காலில் நிற்பது எளிது. ஆனாலும் தலை பெரிதானால் முன்னே கவிழும். இதற்கு எடையைத் தூரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 20 கிராம் தலை முன்காலுக்கு 6 செ.மீ. முன்னே நீண்டால் பெருக்கல் 120. முன்காலுக்குப் பின்னே 4 செ.மீ. தூரத்தில் 60 கிராம் உடல் இருந்தால் 240. பின்பக்கம் பெரிது, ஜீனோ கவிழாது.

ஒரு காலைத் தூக்கினால்? மற்ற மூன்று பாதங்களும் ஒரு முக்கோணம் ஆகின்றன. எடையின் நடுப்புள்ளி அதற்குள் விழ வேண்டும். உடல் சரியாக நடுவில் இருந்தால் அப்புள்ளி முக்கோணத்தின் விளிம்பிலேயே விழும். லேசாகத் தொட்டாலும் சாயும். ஆகவே தூக்கிய காலுக்கு எதிர்ப்பக்கம் உடலைச் சற்று நகர்த்த வேண்டும். நாமும் ஒற்றைக்காலில் நிற்கும்போது இதைத்தான் அறியாமல் செய்கிறோம்.

எல்லா ரோபோவுக்கும் கால் வேண்டும் என்பதில்லை. 2020 ஜனவரியில் பெங்களூரில் இஸ்ரோ அறிமுகம் செய்த வியோமமித்ராவுக்குக் கால்களே இல்லை. இருக்கையில் அமர்ந்து பலகையின் விசைகளை இயக்குவதற்குக் கை போதும். முதலில் வேலையை முடிவு செய்து, பிறகு உருவத்தை முடிவு செய்வதே முறை.

காசு இல்லாதவர்களுக்கு

வெளிநாட்டுக் கட்டைகளின் விலை நம்மில் பலருக்கு எட்டாதது. அதனால் பாடம் நின்றுவிட வேண்டாம். உள்நாட்டுக் கட்டைகள், துளையிட்ட உலோகச் சட்டங்கள், தீப்பெட்டிகள், அட்டைத் துண்டுகள் எதுவானாலும் மேற்சொன்ன விதிகள் மாறுவதில்லை. அட்டையை 8 மி.மீ. கட்டமிட்டு வெட்டினால் அளவுப் பாடம் முழுவதையும் நடத்தலாம். படத்தைப் பார்த்து ஒருமுறை கட்டி அலமாரியில் வைத்துவிடும் புதுத் தொகுப்பைவிட, பிரித்துப் பிரித்துக் கட்டும் பழைய கட்டைப் பை மேலானது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் மட்டும் சிறு துண்டுகளைக் கொடுக்காதீர்கள், விழுங்கிவிடும்.

பயிற்சிகள்

1. பன்னிரண்டு கட்டைகளால், ஒரு முனையில் பிடித்தாலும் உடையாத ஒரு பாலம் கட்டுக.

2. உங்கள் வீட்டு வாசற்கதவை 40-இல் ஒரு பங்காகக் குறைத்தால் எத்தனை கட்டை உயரம் வரும்?

3. மூன்று காலில் நிற்கும் ரோபோ ஒன்று செய்து, அதன் தலையில் நாணயங்களை வைத்துக்கொண்டே போக, எத்தனையாவது நாணயத்தில் கவிழ்கிறது என்று எழுதுக.

நம் பிள்ளைகளுக்காக

தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. சுரங்கத்தோடு, இரும்பைப் பார்த்தவுடன் அது எவ்வளவு தாங்கும் என்று சொன்ன கைகளும் வேலையிழந்தன. பல குடும்பங்களில் இன்றைய பிள்ளைகள் அதிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் பெற்றோரைத்தான் பார்க்கிறார்கள். தாத்தாவின் கைத்தொழிலைப் பார்க்கவில்லை. அந்தத் தொழிலறிவு முற்றும் போய்விடாமல், சிறு கட்டைகளின் வழியாகவாவது பேரனுக்கும் பேத்திக்கும் போய்ச் சேரலாம் அல்லவா?

இன்னொன்று. இவர்கள் பள்ளியில் படிப்பது பெரும்பாலும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோதான். தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுவிடுகிறது. கட்டும்போது குமிழ், குழல், தகடு, கீல், அச்சு, பற்சக்கரம், உத்திரம் என்று பேசினால், தமிழும் கருவியாகக் கைக்கு வருகிறது. "அந்தக் கீலை இப்படித் திருப்பு" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லும்போது, மொழிப்பாடம் தானாகவே நடந்துவிடுகிறது. தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் ஞாயிறு வகுப்புகளில் எழுத்துப் பயிற்சிக்குப் பின் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் பெருஞ்செலவு ஆகாது. சங்கத்துப் பெரியோரில் பொருத்துநராகவும், தச்சராகவும், இயந்திரப் பணியாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களை ஆசிரியர்களாக அழைப்போம்.