புண்ணைத் தொட்டால் புற்று ஒட்டாது

தொழுநோய்க் கிருமி உடம்பில் ஊறி ஊறிக் கடைசியில் கேன்சராக மாறிவிடுமாம். நோயாளியின் புண்ணைத் தொட்டவருக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். தாணேயிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம் மும்பைத் தமிழர் மத்தியில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள். பெற்ற தகப்பனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. தோல் மருத்துவம் பார்க்கிற எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. இந்த வதந்தி ஒருவரை வீட்டு மூலையில் ஒதுக்குவதோடு நிற்பதில்லை. புண்ணைத் துணியால் சுற்றி மறைக்கச் சொல்கிறது. மறைத்து வைத்த புண்தான் ஆபத்து.

நடப்பது இதுதான். தொழுநோய்க் கிருமி தோலையும் நரம்பையும் தாக்கும். நரம்பு செத்தால் பாதம் மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. நோயாளி அதன் மேலேயே மிதித்து நடப்பார். உள்ளங்காலில் குழிப்புண் விழும். வேறு கிருமிகள் அதில் குடியேறிச் சீழ் பிடிக்கும். கொஞ்சம் ஆறும், மறுபடி உடையும். இப்படியே பத்து, இருபது, முப்பது வருஷம் போனால், ஆற்றுவதற்காக ஓயாமல் பெருகும் விளிம்புத் தோல் செல்கள் சிலருக்கு ஒரு கட்டத்தில் கட்டு மீறிவிடும். அதுதான் புற்று. மருத்துவத்தில் இதற்கு மார்ஜொலின் புண் என்று பெயர்.

இதில் தொழுநோய்க் கிருமி எங்கே இருக்கிறது? கூட்டு மருந்து சாப்பிட்டு நோய் குணமாகி எத்தனையோ வருஷம் ஆனவர்களுக்கும் இது வருகிறது. கிருமி போய்விட்டது, போன நரம்பு திரும்பவில்லை, அவ்வளவுதான். பழைய தீக்காயத் தழும்பிலும் இதே வகைப் புற்று வரும். காஷ்மீரில் குளிருக்காகக் காங்கிரி என்கிற நெருப்புச் சட்டியை அங்கிக்குள் அணைத்து வைத்திருப்பவர்களின் வயிற்றிலும் தொடையிலும் வரும். வேட்டியை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் விழுந்த தடத்தில் வந்த புற்றைப் பற்றி, நம் பரேல் டாட்டா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையின் வி. ஆர். கானோல்கரும் சூர்யாபாயும் 1945லேயே எழுதியிருக்கிறார்கள். அதே கானோல்கர் தொழுநோயையும் ஆழமாக ஆராய்ந்தவர். நெருப்புச் சட்டியில் எந்தக் கிருமி இருந்தது? வேட்டி முடிச்சில் எந்தக் கிருமி இருந்தது?

தொற்றுக்கு வருவோம். ஒருவரின் புற்று செல் இன்னொருவர் தோலில் பட்டாலும் அங்கே வேர் பிடிக்காது. அந்நியச் செல்லை உடம்பு ஏற்காது. டாட்டா மெமோரியல் 1941இல் திறந்தது. அன்று முதல் அங்கே புற்றுப்புண்ணைக் கழுவிக் கட்டிய நர்சுகளையாவது ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். தொழுநோயும் தட்டிலும் டம்ளரிலும் பரவுவதல்ல. மருந்தே எடுக்காத நோயாளியோடு மாதக்கணக்கில் நெருங்கி இருந்தால்தான், அதுவும் மூக்கு வழியாக வரும் சளித்துளிகளால், பரவ வாய்ப்பு. மருந்து ஆரம்பித்துவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை. மருந்து இலவசம். ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம்.

“தொழுநோயாளியின் சதையே அழுகுகிற சதை” என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அதை உடைத்தார். பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை எடுத்துவிட்டால், அந்தப் புண்ணும் மற்றவர் புண்ணைப்போலவே ஆறும் என்று செய்து காட்டினார். முக்கால் நூற்றாண்டாகியும் நாம் இன்னும் அழுகுகிற சதையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாக்டீரியாவால் புற்றே வராதா என்றால், வரும். இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரியை 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுக்காரணி என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் தோலில் வாழும் பாக்டீரியா ஒன்றுகூட இல்லை.

இதற்கு நேர்மாறாக, தோலின் நல்ல கிருமி புற்றைக் குணமாக்கும், தயிர் தடவினால் போதும் என்கிறார்கள். 2018இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் கேலோ குழு, ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற தோல் கிருமியின் ஒரு வகை சுரக்கும் பொருள் எலிகளில் கட்டி வளர்வதை மட்டுப்படுத்தியதாகக் கண்டது. எலிகளில். தயிருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கறுப்புத் தோலுக்குத் தோல் புற்று வராது என்பதும் பொய். குறைவாக வரும். வந்தால் பல சமயம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று பயாப்சிக்குப் பயப்படுவது இவற்றையெல்லாம்விட மோசம். விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்காமல் மார்ஜொலின் புண்ணை உறுதி செய்யவே முடியாது. சீக்கிரம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். தாமதித்தால் கால் போகும்.

எனக்கு இதில் ஒரு கோரிக்கை உண்டு, செருப்பைப் பற்றி. மரத்த பாதத்துக்கு எம்.சி.ஆர். செருப்பு வேண்டும். உள்ளே மெத்தென்ற நுண்ணறை ரப்பர், கீழே முள் ஏறாத கெட்டி அடி, குதிகாலைப் பிடிக்கப் பின்வார். ஆணி ஒன்றுகூட அடிக்கக் கூடாது, தையலும் பசையும் மட்டும். அரசுத் திட்டத்தில் கொடுக்கிறார்கள், ஆனால் பலர் போடுவதில்லை. பார்த்தாலே ‘அந்த நோய்க்காரர் செருப்பு’ என்று தெரிந்துவிடுகிறது. தாராவியில் பெரிய கடைகளுக்கே பையும் பெல்ட்டும் தைத்துக் கொடுக்கிற கைகள் இருக்கின்றன. அந்தப் பட்டறைகளுக்கு மாநகராட்சி ஆர்டர் கொடுக்கட்டும். யார் காலிலும் பார்க்கிற சாதாரணச் சாண்டல்போல, நல்ல நிறத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகத் தைத்துத் தரட்டும். சர்க்கரை நோயில் கால் மரத்தவர்களுக்கும் அதே செருப்புதான் தேவை, அவர்களும் வாங்குவார்கள்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் ராத்திரி அந்தப் பாதத்தைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு தடித்து மேலெழும்பியிருந்தாலோ, காலிபிளவர் பூப்போலச் சதை வளர்ந்தாலோ, தொட்டால் ரத்தம் கசிந்தாலோ, கட்டுப் போட்டுக்கொண்டே இருக்காமல் பயாப்சி வேண்டும் என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள்.