லூப் ஒட்டாததற்குக் காரணம் பேட் அல்ல

ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-30 போன்ற கீபோர்டுகள் வந்தபின், தபேலா, டோலக், டிரம்ஸ் லூப்களை யூஎஸ்பியில் கொண்டுவந்து பேடில் ஏற்றி ஒரே தட்டில் ஓடவிடுவது மெல்லிசை மேடைகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் சின்னத் தடுக்கலோ ‘டிக்’ என்ற சத்தமோ வந்தால் பாட்டே தள்ளாடும். பாடகர் அந்தத் தாளத்தை நம்பித்தான் மூச்சு எடுக்கிறார். இந்தத் தடுக்கலைப் பற்றிப் பரவியிருக்கும் சில நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: காதுக்குச் சரியாகக் கேட்டால் போதும்.

உண்மை: இரண்டு மூன்று சுற்று கேட்டால் 10 மில்லி விநாடிப் பிசகு பலருக்குப் பிடிபடாது. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) நான்கு அடி கொண்ட ஒரு சுற்று 2 விநாடி. நான்கு நிமிடப் பாட்டில் அது 120 முறை சுற்றும். சுற்றுக்கு 10 மில்லி விநாடி கூடினால் முடிவில் 1.2 விநாடி, அதாவது இரண்டு அடிக்கும் மேல், பின்தங்கிவிடும். கூடவே சீக்வென்சரோ இன்னொரு லூப்போ ஓடினால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

எனவே நீளத்தைக் கணக்குப் போட்டு வெட்ட வேண்டும். 60-ஐ பிபிஎம்மால் வகுத்து, அடிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் விநாடி கிடைக்கும். அதை விநாடிக்கான சாம்பிள் எண்ணிக்கையான 44,100-ஆல் பெருக்கினால் லூப்பின் மொத்த சாம்பிள் எண்ணிக்கை. 120 பிபிஎம்மில் நான்கு அடிக்கு 88,200. 96 பிபிஎம்மில் ஓர் அடிக்கு 27,562.5 வரும், அரை சாம்பிளை வெட்ட முடியாது. நான்கு அடியாக எடுத்தால் 110,250 என்று முழுசாக வந்துவிடும். முழுச் சுற்றாக வெட்டச் சொல்வது இதனால்தான். சிக்ஸ்-எயிட் தாளத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிபிஎம் 120 என்பது கால் நோட்டுக்கானது என்றால் சுற்று 1.5 விநாடி, மூன்று எட்டாம் நோட்டு சேர்ந்த பெரிய அடிக்கானது என்றால் 1 விநாடிதான்.

நம்பிக்கை: ஓசை முழுக்க அடங்கிய இடத்தில் வெட்டினால் சுத்தமாக இருக்கும்.

உண்மை: அடங்கும் ஓசைக்காகக் காத்திருந்தால் அந்த நேரமும் சுற்றில் சேர்ந்துவிடும். முதல் சுற்றின் ‘ஒன்று’ விழும் இடத்திலிருந்து அடுத்த சுற்றின் ‘ஒன்று’ தொடங்கும் இடம்வரை, அதுதான் லூப். அப்படி வெட்டினால் கடைசி அடியில் விழுந்த பாயாவின் (தபேலா ஜோடியில் கனத்த ஓசை தரும் மேளம்) கார்வை பாதியில் அறுபடுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி உண்டு. எடிட் செய்யும் சாஃப்ட்வேரில் ஒரே சுற்றை அடுத்தடுத்து இரண்டு முறை வைத்து, கார்வையும் எதிரொலியும் இயல்பாக ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் கார்வை இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில் ஏற்கெனவே கலந்திருக்கும். பேடில் சுற்றும்போது காது எங்கேயும் தடுக்காது.

நம்பிக்கை: ஒலி அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டினால் லூப் ஒட்டிவிடும்.

உண்மை: அதனால் குறைவது ‘டிக்’ சத்தம் மட்டுமே. அலையின் முடிவு ஓர் உயரத்திலும் தொடக்கம் வேறோர் உயரத்திலும் இருந்தால் அந்தத் தாவல் சத்தமாகக் கேட்கும். பூஜ்யத்தைத் தேடி வெட்டுமிடத்தை நகர்த்தினால் நீளம் மாறி, தாளம் பிசகும். ஸ்டீரியோவில் இடமும் வலமும் ஒரே நேரத்தில் பூஜ்யத்துக்கு வருவதும் அரிது. நீளத்தைத் தொடாமல், முடிவில் இரண்டு மூன்று மில்லி விநாடிக்கு ஒலியைத் தணித்தால் பெரும்பாலும் போதும்.

நம்பிக்கை: எம்பி3 லூப்பை வேவ் ஃபைலாக மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட கட்டங்களாக அடுக்குகிறது. அப்போது தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனம் சேர்கிறது. தொடக்கத்தில் மட்டும் 25 மில்லி விநாடி அளவுக்குச் சேர்வது சாதாரணம். வேவாக மாற்றும்போது அந்த மௌனமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். முதலிலிருந்தே வேவாக வைத்திருப்பதே நல்லது. எம்பி3 மட்டுமே கையில் இருந்தால் மௌனத்தை நீக்கி, நீளத்தைக் கணக்குப்படி மறுபடி வெட்டுங்கள்.

நம்பிக்கை: விலை கூடிய கீபோர்டு வாங்கினால் தீரும்.

உண்மை: முதலில் பார்க்க வேண்டியது பேடின் அமைப்பு. அது ‘ஒன் ஷாட்’ நிலையில் இருந்தால் ஒருமுறை ஓடி நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கையால் தட்டினால் இடைவெளி வரத்தான் செய்யும். ‘லூப்’ நிலைக்கு மாற்றுங்கள். அடுத்தது சாம்பிள் ரேட். 48,000-இல் பதிவான ஃபைலை ஒரு கருவி மாற்றாமல் 44,100-இல் ஓட்டினால் வேகம் 8 சதவீதம் குறையும்; சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும்.

நம்பிக்கை: மனிதர் வாசித்த தாளம் லூப்பாக ஒட்டாது, கம்ப்யூட்டரில் அடித்ததுதான் ஒட்டும்.

உண்மை: 1977-இல் பீ ஜீஸ் குழு ‘ஸ்டேயின் அலைவ்’ பாட்டைப் பிரான்ஸில் பதிவு செய்தபோது டிரம்மர் உடன் இல்லை. அவர் ‘நைட் ஃபீவர்’ பாட்டுக்கு ஏற்கெனவே வாசித்திருந்த இரண்டு சுற்றை டேப்பில் எடுத்து, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக ஓடவிட்டார்கள். உலகம் ஆடிய பாட்டின் தாளம் அது. கணக்காக வெட்டினால் மனிதக் கை வாசித்ததும் சுற்றும்; அந்தக் கையின் உயிரோட்டமும் அதோடு வரும்.

மேடைக்கு முன் ஒரு சோதனை போதும். அதே பிபிஎம்மில் மெட்ரோனோமையும் லூப்பையும் ஒன்றாகத் தொடங்கி, நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். கடைசியிலும் இரண்டும் சேர்ந்தே விழுந்தால், உங்களை நம்பி பாடகர் தாராளமாக மூச்சு எடுக்கலாம்.