வயிற்றினுள் வளரும் கொழுப்புக் கட்டி

கையிலோ முதுகிலோ தோலுக்கடியில் நெல்லிக்காயளவு உருளும் கொழுப்புக் கட்டியைப் பலரிடமும் காண்கிறோம். பெரும்பாலும் அது தீங்கற்றது. ஆனால், அதே கொழுப்புத் திசு வயிற்றின் ஆழத்தில் கட்டியாக வளருமாயின் அதனை எளிதாக எண்ணிவிடலாகாது. ‘லைப்போசார்க்கோமா’ என்னும் புற்றுநோயாக அது இருக்கக்கூடும். உயிரியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அதனைப் பற்றி இங்குச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

வயிற்றறையின் உட்சவ்வுக்கும் முதுகுத் தசைகளுக்கும் இடையே ஓர் இடம் உண்டு. சிறுநீரகங்களும் பெருங்குருதிக் குழாய்களும் அங்கேதான் உள்ளன. அங்கே கட்டி வளர்ந்தால் குடல் ஒதுங்கி வழிவிடும். ஆதலால் நெடுநாள் வலி தோன்றாது. 20, 30 சென்டிமீட்டர் வளர்ந்த பின்னரே பலர் மருத்துவரை நாடுகின்றனர். அதுவரை தொந்தி என்றே எண்ணியிருப்பர். கைகால் மெலிய, வயிறு மட்டும் பருப்பது தொந்தியின் இயல்பன்று.

இதனைக் கண்டறிவது எங்ஙனம்? முதற்கருவி சி.டி. ஸ்கேன். அதில் கொழுப்பு கருமையாகத் தெரியும். அக்கருமையினிடையே வெளிறிய, கெட்டியான முடிச்சுகள் இருப்பின் நோய் கொடிய வகைக்கு மாறியிருக்கலாம். அம்முடிச்சிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பர். 12ஆம் குரோமோசோமிலுள்ள எம்.டி.எம்.2 என்னும் ஜீன் பன்மடங்கு பெருகியிருந்தால் ஐயம் பெரிதும் நீங்கும். சாதாரணக் கொழுப்புக் கட்டியில் இப்பெருக்கம் இராது.

மருந்துகளுக்கு இந்நோய் அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. அறுவைக்கு முன் கதிர்வீச்சு அளித்தால் பயனுண்டா என்று 266 நோயாளிகளிடம் நிகழ்த்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. பொதுவாகப் பயன் புலப்படவில்லை. எனவே அறுவையே முதன்மையான சிகிச்சை. அதிலும் ஓர் இடர் உண்டு. கட்டியும் கொழுப்பு, சுற்றியிருப்பதும் கொழுப்பு, எல்லை கண்ணுக்குப் புலனாகாது. கட்டியை மட்டும் தோண்டியெடுத்தால் எச்சம் தங்கி மீண்டும் வளரும். ஆகவே, ஒட்டியுள்ள சிறுநீரகத்தையும் பெருங்குடற் பகுதியையும் சேர்த்து ஒரே திரளாக அகற்றுவதுண்டு. மற்றச் சிறுநீரகம் செவ்வனே இயங்குகிறதா என்று முன்னரே அறிதல் இன்றியமையாதது. அறுவைக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

முழுமையாக அகற்றுவதற்கு முதல் அறுவையே சிறந்த வாய்ப்பு. இன்னதென்று தெரியாத கட்டியை அவசரப்பட்டுக் கீறுவது அவ்வாய்ப்பை வீணாக்கிவிடும். ஆகையால், இத்தகைய நோயாளியைத் தொடக்கத்திலேயே புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவர்களிடம் சேர்க்க வேண்டும். டில்லியில், 1956இல் நிறுவப்பெற்ற அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் அம்பேத்கர் பெயர் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

நண்பர்களே! ஊரிலுள்ள பெரியவர் எவரேனும் வயிறு மட்டும் பருக்கிறதென்று சொன்னால், வயதானால் அப்படித்தான் என்று தேற்றிவிடாதீர்கள். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.